பயிற்சிக்கான பாவங்கள்

பிப்ரவரி 22, சாம்பல் புதன்

காலைப் பூசையில் சாம்பல் பூசினார்கள். எனக்கு முன்னால் நின்றவரிடம் பங்குத்தந்தை, "நீ மண்ணாய் இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய்" என்றார். என்னிடம், "மனம் மாறி நற்செய்தியை நம்பு." இரண்டில் எதைச் சொல்வது என்பது குருவின் விருப்பம். எனக்கு எதைத் தேர்ந்தார் என்பதைக் குறித்துவைக்கிறேன்.

தவக்காலம் முழுதும் நாட்குறிப்பு எழுதுவதாக முடிவு. மனைவி ரெஜினா இனிப்பை விட்டிருக்கிறாள். என்னிடம் விடுவதற்கு ஒன்றும் இல்லை. ஆகவே எழுதுகிறேன். எழுதுகிறவன் முதலில் நிலவரத்தைச் சொல்லிவிட வேண்டும். சென்ற ஜூனில் நான் தொடங்கிய புனித சூசையப்பர் இல்லக்கல்விக் குழுவில் ஐந்து குடும்பங்கள் இருந்தன. பள்ளிக்கு அனுப்பாமல், பெற்றோரே பாடங்களைப் பிரித்துக்கொண்டு, எங்கள் வீட்டு மாடியில் கற்பிப்பது ஏற்பாடு. கிறிஸ்துமஸோடு இரண்டு குடும்பங்கள் நின்றுவிட்டன. காரணம் கேட்கவில்லை. மீதி மூன்று. ஒன்று நாங்கள். குவைத்திலிருந்து திரும்பிய பெலிக்ஸ், அவர் மனைவி ஸ்டெல்லா, மகன் ரெமி. தையல் கடை வைத்திருக்கும் ஆக்னஸ், மகள் ஜூலி. கணக்கும் அறிவியலும் மறைக்கல்வியும் நான். ஆங்கிலமும் பாட்டும் ஸ்டெல்லா. தமிழும் கைவேலையும் ஆக்னஸ். குழுவின் முழுப்பெயரை என்னைத் தவிர யாரும் சொல்வதில்லை. பிள்ளைகளுக்கு அது "மாடி." ரெஜினாவுக்கு "உங்க மாடி."

ஒருசந்தி. மதியம் மட்டும் கஞ்சி. மகள் ஜெசிந்தாவுக்குப் பத்து வயதுதான், அவளுக்கு உபவாசம் இல்லை. தோசை வார்த்துக் கொடுத்தேன்.

வகுப்பு முடிந்து படி இறங்கும்போது ஸ்டெல்லா கேட்டாள். "சார், மூணு பேருக்கும் புதுநன்மைக்குப் பேரு குடுத்தாச்சுல்ல? ஏப்ரல் கடைசி ஞாயிறுன்னு கோயில்ல அறிவிச்சாங்க. அத்தை மணப்பாறையிலேருந்து இப்பவே கேக்குறாங்க."

"கொடுத்தாச்சு" என்றேன்.

இந்த வாரம் போய்க் கொடுத்துவிட்டால் அது பொய் ஆகாது.

மாலை ஜெசிந்தாவிடம் வழக்கம்போல, "இன்னைக்கு மாடி எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டேன். "பிடிச்சிருந்துச்சுப்பா" என்றாள்.

பிப்ரவரி 24, வெள்ளி

மாலை சிலுவைப்பாதைக்குப் போனேன். முடிந்ததும் பங்கு இல்லத்துக்குப் போய்ப் பெயர்களைச் சொல்வதாக இருந்தேன். வாசலில் யாரோ இருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். திரும்பிவிட்டேன்.

எங்கள் பங்கில் ஒரு விதி உண்டு. புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கும் பிள்ளைகள் அதற்கு முந்தைய ஓராண்டு ஞாயிறு மறைக்கல்வி வகுப்புக்குப் போயிருக்க வேண்டும். போகாவிட்டால் பங்குத்தந்தையைப் பார்த்து அனுமதி கேட்க வேண்டும். மாடிப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நான் நடத்துகிறேன். ஞாயிறு வகுப்பில் அட்டைப் படம் காட்டிக் கதை சொல்வதைவிட நூறு பங்கு ஒழுங்காக நடத்துகிறேன். எனவே அனுமதி என்பது சம்பிரதாயம். கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

கேட்க வேண்டிய ஆள் ஸ்தனிஸ்லாஸ் அடிகள். நான் கணக்கு ஆசிரியராக இருந்த மேல்நிலைப் பள்ளியில் இவர் ஒரு காலத்தில் தாளாளர். தலைமையாசிரியர் பதவிக்கு நான் முதல் இடத்தில் இருந்தேன். எம்.எஸ்ஸி., எம்.எட். எனக்கு ஒன்பது வருடம் இளையவனை, பின்னங்களைக் கரும்பலகையில் தப்பாகப் போட்டவனை, அந்த நாற்காலியில் உட்காரவைத்தார். கேட்கப் போன என்னிடம் சிரித்துக்கொண்டே, "கஸ்பார் சார், உங்களுக்குக் கணக்கு வரும். மனுசங்கதான் வர மாட்டேங்குறாங்க" என்றார். அறையில் எழுத்தர் இருந்தார். அந்த எழுத்தரும் சிரித்தார்.

நான் ராஜினாமா செய்தேன். அவர் சென்ற மே மாதம் இந்தப் பங்குக்கு மாற்றலாகி வந்தார். பங்குப் பள்ளிக்கும் அவரே தாளாளர். ஜூனில் நான் ஜெசிந்தாவை அந்தப் பள்ளியிலிருந்து நிறுத்தினேன். பள்ளியின் தரம் தாழ்ந்துவிட்டது. மாதங்கள் ஒட்டி வருவது தற்செயல்.

மார்ச் 1, புதன்

போகவில்லை. தண்ணீர் மோட்டார் பழுது. பழுது பார்ப்பவன் நாளை வருவதாகச் சொன்னான். மாடியில் பின்னங்களின் வகுத்தல். ரெமிக்கு ஏன் தலைகீழாக்க வேண்டும் என்பது இன்னும் புரியவில்லை. ஜெசிந்தா எல்லாம் சரி.

"பிடிச்சிருந்துச்சுப்பா."

மார்ச் 6, திங்கள்

ஆக்னஸ் வெள்ளைத் துணி எடுத்து வந்திருந்தாள். பெண்பிள்ளைகள் இருவருக்கும் புதுநன்மை உடை அவளே தைக்கிறாள். ஜெசிந்தாவின் தோளை அளந்தபோது, "பாப்பா ரொம்ப மெலிஞ்சிருக்கே, சார்" என்றாள். வளரும் வயது என்றேன்.

ஆக்னஸ் அதிகம் பேச மாட்டாள். இன்று பேசினாள். "ஜூலி பாவசங்கீர்த்தனத்த நெனச்சி இப்பவே அழுவுது சார். திக்கிட்டா ஃபாதர் சிரிப்பாரோன்னு. பள்ளிக்கூடத்துல அப்படித்தானே சிரிச்சாங்க. முடிஞ்சா இங்கயே ஒரு தடவ சொல்லிப் பாக்கட்டும்."

நியாயமான கோரிக்கை. குருவிடம் தனியே பாவங்களைச் சொல்வது பிள்ளைகளுக்கு முதல்முறை. தேர்வுக்கு முன்னால் மாதிரித் தேர்வு வைக்கிறோம். வெள்ளிக்கிழமை பயிற்சிப் பாவசங்கீர்த்தனம் என்று அறிவித்தேன். சொந்தப் பாவத்தைச் சொல்லக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தேன். ஆளுக்கொரு பாவம் நானே கொடுத்தேன். ரெமிக்கு, தங்கையின் பென்சிலை ஒளித்துவைத்தது. அவனுக்குத் தங்கை இல்லை, அதனாலேயே அது. ஜூலிக்கு, பூசை நேரத்தில் பக்கத்தில் பேசியது. ஜெசிந்தாவுக்கு, டப்பாவிலிருந்து வெல்லம் திருடித் தின்றது.

ரெமி கையைத் தூக்கினான். "சார், எனக்கு வெல்லம் குடுங்க சார். பென்சில் ஒரு பாவமா?"

மார்ச் 10, வெள்ளி

கொடிக்கயிற்றில் ரெஜினாவின் பழைய பருத்திப் புடவையைத் திரையாகத் தொங்கவிட்டோம். நான் அந்தப் பக்கம் நாற்காலியில் பக்கவாட்டாக உட்கார்ந்தேன். பிள்ளைகள் இந்தப் பக்கம் பாயில் முழந்தாளிட வேண்டும். "பாவியாகிய என்னை ஆசீர்வதியுங்கள் ஃபாதர்" என்று தொடங்கி, பாவத்தைச் சொல்லி, மனத்துயர் செபத்தோடு முடிக்க வேண்டும். முகம் தெரியாது, நிழல் தெரியும். உண்மையான இடத்திலும் அப்படித்தான்.

ரெமி முதலில் வந்தான். பென்சிலைச் சொல்லிவிட்டு நிற்காமல் கைப்பேசியில் விளையாடியதையும், தாத்தாவின் பல்செட்டை மறைத்ததையும் சொன்னான். பயிற்சிக்கு வேண்டாம் என்று நிறுத்தினேன். மன்னிப்பு சொல்லும் குருவைப்போல் ரெமிக்குக் கை உயர்த்தவில்லை.

ஜூலி வந்தாள். புடவைக்குப் பின்னால் அவள் திக்கவில்லை. ஓர் எழுத்தில்கூட. காரணம் தெரியவில்லை. ஆக்னஸ் படிக்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள், முந்தானையால் வாயை மூடியபடி. ஜூலிக்கும் கை உயர்த்தவில்லை.

கடைசியாக ஜெசிந்தா.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை எழுதக் கூடாது. பயிற்சியே என்றாலும் விதி விதிதான்.

மதியம் புடவையை மடித்து பீரோவில் வைத்தேன். ரெஜினா இரவு டியூட்டி முடிந்து தூங்கி எழுந்து, "அந்தப் புடவ எதுக்கு வெளிய வந்துச்சு?" என்றாள். திரைக்கு என்றேன்.

மார்ச் 11, சனி

குறிப்பிடும்படியாக எதுவும் இல்லை.

மார்ச் 14, செவ்வாய்

தசம எண்கள். ஜெசிந்தா எல்லாம் சரி.

மாலையில் அவளிடம் கேட்கவில்லை. சாப்பிடும்போது அவளாக என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மாடி பிடிச்சிருந்துச்சுப்பா" என்றாள். ரசம் கொஞ்சம் உப்பு என்று சொன்னேன்.

மார்ச் 20, திங்கள், சூசையப்பர் திருநாள்

திருநாள் நேற்றுதான். ஞாயிற்றில் விழுந்ததால் இன்றைக்குத் தள்ளியிருக்கிறார்கள். குழுவின் பாதுகாவலர் என்பதால் மாடியில் சிறு கொண்டாட்டம். ஸ்டெல்லா சேமியா பாயசம் கொண்டுவந்தாள். தவக்காலத்தில் பாயசம் ஆகுமா என்று ஆக்னஸ் தயங்க, பெருவிழா நாளில் ஆகும் என்று விளக்கினேன். ரெஜினா மட்டும் தொடவில்லை.

பெலிக்ஸ் குவைத் செண்ட் வாசனையோடு வந்தார். எண்ணெய்க் கம்பெனியில் ஏதோ மேற்பார்வை பார்த்தவர். எதைக் கேட்டாலும் "நாங்க அங்க இருக்கும்போது" என்று தொடங்குவார். "சார், பாவசங்கீர்த்தனமும் கேட்டாச்சாம், ரெமி சொன்னான். அப்படியே ஒரு பூசையும் வச்சிருங்க. கோயிலுக்கு ஆட்டோ புடிக்கிற வேல மிச்சம்."

எல்லோரும் சிரித்தார்கள். பயிற்சி என்று திருத்தினேன்.

"தெரியும் சார், சும்மா சொன்னேன். ஆமா, ஃபாதர் ஒண்ணும் பிரச்சினை பண்ணலையே? மறைக்கல்விக்குப் போகலைன்னா விட மாட்டாருன்னு கேள்விப்பட்டேன்."

"நான் பேசிவிட்டேன்."

ரெஜினா பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அடுக்கினாள்.

மார்ச் 27, திங்கள்

ரெஜினா மருத்துவமனைக்குக் கிளம்பும்போது, "நீங்க இன்னும் போய்ப் பேசல" என்றாள். கேள்வியாக இல்லை.

"இந்த வாரம் போகிறேன்."

"எப்பவும் இந்த வாரந்தான். வார்டுல தெனமும் பாக்குறேன். ஊசி போட்டாச்சு போட்டாச்சுன்னு சொல்ற ஆளு மூஞ்சி எனக்குத் தெரியும். மூணு புள்ளைங்க. ஒரு புள்ள ஒங்களது."

"அவரிடம் போய் நான் நிற்க வேண்டுமா?"

"நிக்க வேணாம். உக்காருங்க. நாற்காலி போடுவாரு."

வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஹெல்மெட்டை மறந்து, தெரு முனையிலிருந்து திரும்பி வந்து எடுத்துப் போனாள்.

ஏப்ரல் 2, குருத்து ஞாயிறு

எழுதிவிட வேண்டும். வரிசையாக.

குருத்தோலைப் பவனி முடிந்து பூசையும் முடிந்தது. வாசலில் கூட்டம். ஸ்தனிஸ்லாஸ் அடிகள் வெளியே வந்து பிள்ளைகளின் ஓலையில் சிலுவை முடைந்து கொடுத்துக்கொண்டிருந்தார். அதில் அவர் கெட்டிக்காரர். நான் செருப்பு விட்டிருந்த இடத்தில் நின்றேன். ரெமி அவர் முன்னால் போய் ஓலையை நீட்டினான்.

"யாரு வீட்டுப் புள்ளடா நீ? பெலிக்ஸ் மவன்தானே? மறைக்கல்வியில ஒன்னப் பாத்ததே இல்லையே. அடுத்த வருசமாச்சும் புதுநன்மை வாங்கணும்ல?"

"இந்த வருசமே வாங்குறேன் ஃபாதர். பாவசங்கீர்த்தனம்கூட பண்ணிட்டேன்."

"யாருகிட்ட?"

"கஸ்பார் சார்கிட்ட. எங்க மாடியில. புடவ கட்டி."

ஸ்டெல்லா பக்கத்தில் இருந்தாள். அவளுடைய மாமியார் மணப்பாறையிலிருந்து வந்து அவள் பக்கத்தில் இருந்தார். பங்குப் பேரவை ஆட்கள் இருந்தார்கள். ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார்.

அடிகள் கூட்டத்தில் தேடி என்னைப் பார்த்தார். பிறகு ரெமியிடம், "சரி, போ" என்று முடைந்த சிலுவையைக் கொடுத்தார். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால் பதில் வைத்திருந்தேன்.

ஏப்ரல் 3, திங்கள்

வகுப்பு இல்லை. பெற்றோர் மட்டும் வந்தார்கள். பெலிக்ஸ் உட்காரவில்லை.

ஸ்டெல்லா சொன்னாள்: "குடுத்தாச்சுன்னு என் மூஞ்சியப் பாத்து சொன்னீங்க சார். படிச்சவருன்னு நம்புனோம். ஒரு வருசம் ஒங்க மாடிக்கு என் புள்ளய அனுப்புனேன். ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு. அத்தை நேத்து வாசல்லயே கேக்குறாங்க, இது என்ன புது சபையான்னு."

பிரிந்துபோன சபைக்காரர்களோடு என்னை ஒப்பிடுவதை நான் ஏற்கவில்லை. பயிற்சிக்கும் திருவருட்சாதனத்துக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கத் தொடங்கினேன்.

பெலிக்ஸ் குறுக்கிட்டார். "சார், அத விடுங்க. பேரு ஏன் குடுக்கல? அத மட்டும் சொல்லுங்க."

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

"எங்க புள்ளைங்கள வச்சி நீங்க அவரோட சண்ட போட்டிருக்கீங்க" என்றார் பெலிக்ஸ். சத்தம் போடாமல் சொன்னார். அவர் சத்தம் போட்டிருக்கலாம். "ரெமிய ஜூன்ல பள்ளிக்கூடத்துல சேக்குறோம். இந்தப் புதுநன்மைய மட்டும் எப்படியாச்சும் வாங்கிக் குடுத்துருங்க."

ஆக்னஸ் போகும்போது மட்டும், "உடை ரெண்டும் தச்சி முடிச்சிட்டேன் சார். பாப்பாவுதுல பித்தான் மட்டும் வைக்கணும்" என்றாள்.

ஜெசிந்தா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள் என்பதை எல்லோரும் போன பிறகே கவனித்தேன்.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

சிலுவை முத்தி செய்யும் வரிசை. நடுவரிசையில் சிலுவையைப் பிடித்திருந்தவர் அவர். பக்க வரிசையில் உதவிக் குரு பிடித்திருந்தார். அது சிறிய வரிசை. நடுவரிசையிலேயே நின்றேன். காரணம் ரெஜினா எனக்குப் பின்னால் நின்றாள்.

முழந்தாளிட்டு முத்தி செய்தேன். மரம் எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது. சிலுவையை மட்டும் பார்த்தேன். அவருடைய கட்டைவிரலில் நகம் உடைந்திருந்தது.

ஏப்ரல் 10, திங்கள்

உயிர்ப்பு ஞாயிறைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பிரியாணி. ரெஜினா இனிப்பு சாப்பிட்டாள்.

இன்று பங்கு இல்லத்துக்குப் போனேன்.

நாற்காலி போட்டார். அவருக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. பீடத்தில் தொலைவிலிருந்து தெரிவதில்லை. சமையல்காரம்மா டீ கொண்டுவந்தார். டீ ஆறியது.

"எம் மேல இன்னும் கோவமா, சார்?" என்றார்.

மூன்று பிள்ளைகளின் பெயரைச் சொன்னேன். புதுநன்மைக்கு அனுமதி வேண்டும் என்றேன். ஒரே வாக்கியத்தில் முடித்தேன். வரும் வழியில் அந்த வாக்கியத்தைத் திருத்தித் திருத்தி வைத்திருந்தேன்.

"இத ஜூன்லயே கேட்டிருந்தா ஒரு நிமிசம். நீங்க சொல்லிக் குடுக்குறத விடவா எங்க வகுப்புல சொல்லிக் குடுக்குறாங்க?"

மறுப்பார் என்றுதான் தயாராகியிருந்தேன்.

"புடவ கட்டுன விசயம். அதான் எனக்குக் கொஞ்சம்." அவர் கோப்பையைத் தள்ளிவைத்தார். "பயிற்சி குடுக்குறது தப்பில்ல. கன்னியர்கூடக் குடுப்பாங்க. ஆனா கையத் தூக்கி பாவமன்னிப்பு வாக்கியம் சொன்னா அது வேற. தெரியும் ஒங்களுக்கு. சொன்னீங்களா?"

"ரெமிக்குச் சொல்லவில்லை" என்றேன். "ஜூலிக்கும் சொல்லவில்லை."

இரண்டும் உண்மை.

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "சரி" என்றார். "மூணு பேரும் நாளையிலேருந்து தெனமும் சாயங்காலம் சிஸ்டர்கிட்ட வரட்டும். இருபத்தொன்பது சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம், மறுநாள் நன்மை. மறைக்கல்வி மட்டும் கொஞ்ச நாளைக்கு நீங்க நடத்த வேணாம்."

எழுந்தேன். வாசல்வரை வந்தார். "அன்னைக்கு அந்த எழுத்தர் முன்னாடி அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றார்.

எந்த எழுத்தர் என்று கேட்டேன். வீட்டுக்கு வந்து மோட்டார் போட்டேன்.

ஏப்ரல் 18, செவ்வாய்

சிஸ்டர் மூவருக்கும் கேள்வி வைத்தாராம். எல்லாம் சரியாகச் சொன்னார்களாம். ஸ்டெல்லா வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போனாள். "சார்" என்று அழைக்கவில்லை, எதுவுமே அழைக்கவில்லை.

மாடியில் பகல் வகுப்பு நடக்கிறது. ரெமி வருவதில்லை. ஜூலியும் ஜெசிந்தாவும். கனஅளவுகள்.

ஏப்ரல் 29, சனி

மாலை கோயிலில் முதல் பாவசங்கீர்த்தனம். பிள்ளைகள் தூண் ஓரமாக வரிசை. பெற்றோர் பின்பெஞ்சுகளில். ரெஜினாவுக்கு டியூட்டி. பெலிக்ஸ் எனக்கு ஒரு பெஞ்சு தள்ளி உட்கார்ந்தார், செண்ட் வாசனை மட்டும் வந்தது.

ரெமி போய் வந்தான். நீண்ட நேரம். ஜூலி போய் வந்தாள். ஆக்னஸைப் பார்த்துத் தலையாட்டினாள். ஜெசிந்தா போய் உடனே வந்துவிட்டாள். முன்னால் முழந்தாளிட்டு அபராத செபம் சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

பாவசங்கீர்த்தனத்தில் என்ன சொன்னாய் என்று யாரையும் கேட்கக் கூடாது. கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லலப்பா."

"ஏன்?"

"அதான் ஒங்ககிட்ட சொல்லிட்டேனே. நீங்க மன்னிச்சிட்டீங்கல்ல. ரெண்டு தடவ சொல்லணுமா?"

"அது பயிற்சிம்மா."

"அவங்க ரெண்டு பேருக்குந்தான் பயிற்சி. எனக்கு மட்டும் கை தூக்குனீங்க. புடவயில நெழல் தெரிஞ்சுது. முழுசா சொன்னீங்க, சிலுவையும் போட்டீங்க."

முன்வரிசையில் யாரோ இருமினார்கள். "நீ சொன்னது நான் கொடுத்த வெல்லம்" என்றேன்.

"வெல்லம் சொல்லலப்பா. மறந்துட்டீங்களா? தெனமும் மாடி பிடிச்சிருக்குன்னு ஒங்ககிட்ட சொல்றேன்ல, அது பொய்யின்னு சொன்னேன். எனக்கு என் ஸ்கூல்தான் வேணும்னு சொன்னேன்." அழவில்லை. வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் சொன்னாள். "நீங்க ரொம்ப நேரம் ஒண்ணுமே பேசல. அப்புறம் கை தூக்குனீங்க."

அப்படியே விட்டிருக்கலாம். நல்லெண்ணத்தில், மன்னிக்கப்பட்டுவிட்டது என்று நம்பி ஒரு பாவத்தைச் சொல்லாமல் விட்டால் பாவசங்கீர்த்தனம் செல்லும். நூல்கள் இடம் தருகின்றன. நாளை அவள் தடையில்லாமல் நன்மை வாங்கலாம். அவரும் எதையும் கேட்க வேண்டியதில்லை. என் மாடியைப் பற்றி, என் மகள் வாயால், அந்த மனிதர் காதில்.

விட்டால் அவள் வாழ்நாள் முழுக்க என் கையை நம்புவாள்.

"அது செல்லாதும்மா" என்றேன். "அப்பாவுக்கு அந்த அதிகாரம் கிடையாது. போய் அவர்கிட்ட சொல்லு."

"மறுபடி வரிசையில நிக்கணுமா?"

"நில்லு."

"ஒங்களப் பத்தின்னு சொல்லவா?"

"சொல்லு."

"அவரு ஒங்களக் கிண்டல் பண்ணுவாருப்பா."

"பரவாயில்லை."

என் கையைப் பார்த்தாள். எழுந்து போய் வரிசையின் கடைசியில், ஒரு கிழவருக்குப் பின்னால் நின்றாள். கிழவர் உள்ளே போனார். வெளியே வந்தார். ஜெசிந்தா முழந்தாளிட்டதும் அவளுடைய உள்ளங்கால்கள் மட்டும் தெரிந்தன. பெஞ்சின் விளிம்பைப் பிடித்திருந்தேன். பெலிக்ஸ் திரும்பி, "என்ன சார், பாப்பா ரெண்டாந்தடவ?" என்றார். ஒன்று விட்டுப்போயிற்று என்றேன்.

அவள் வந்தாள். முன்னைவிடச் சிறிது நேரம் அதிகமாக முழந்தாளிட்டாள்.

எல்லாம் முடிந்து அடிகள் எழுந்து வெளியே வந்தார். கழுத்துப் பட்டையை மடித்துக்கொண்டே என் பெஞ்சருகில் நின்றார். "கஸ்பார் சார், நாளைக்குப் பிள்ளைங்களுக்கு மெழுகுவர்த்தி நீங்க பாத்துக்கிறீங்களா? போன வருசம் வாங்குனது எல்லாம் வளைஞ்சிபோச்சு."

பார்த்துக்கொள்வதாகச் சொன்னேன். அவர் முகத்தில் எதுவும் இல்லை. இருக்கக் கூடாது என்பது அவருடைய கடமை. அதைச் சரியாகச் செய்தார்.

ஏப்ரல் 30, ஞாயிறு

புதுநன்மை. வெயில். மெழுகுவர்த்திகள் வளையவில்லை. ஜெசிந்தாவின் உடையில் பித்தான்கள் முத்து நிறம். ஜூலி "ஆமென்" என்று திக்காமல் சொன்னாள். ஸ்டெல்லாவின் மாமியார் என்னைத் தவிர மற்ற எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்.

வீட்டில் உடை மாற்றும்போது ரெஜினாவிடம் ஜெசிந்தாவை ஜூனில் பள்ளியில் சேர்த்துவிடலாம் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை.

"யாரு போய்க் கேக்குறது?" என்றாள்.

"நான்."

புடவையின் ஊக்கை வாயில் கவ்விக்கொண்டு மடிப்பை அவிழ்த்தாள். பிறகு, "சாப்பிட வாங்க" என்றாள்.

ஜூன் 14, புதன்

தவக்காலத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். இன்றைக்கு மட்டும்.

பங்குப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. காலையில் வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். பழைய சீருடை குட்டையாகிவிட்டது. ஆக்னஸ் மடிப்பைப் பிரித்துவிட்டிருக்கிறாள், பழைய கோடு தெரிகிறது. ஜெசிந்தா திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். தாளாளர் வராந்தாவில் நின்றிருந்தார். வணக்கம் சொன்னார். நானும் சொன்னேன்.

ஒன்பது மணிக்கு மாடிக்குப் போனேன். கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது ஜூலி வந்தாள். ஆக்னஸ் அவளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. நான் எதிர்பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை. காலை செபத்தை இருவரும் சொன்னோம். அவள் மூன்று இடத்தில் திக்கினாள். காத்திருந்தேன். விகிதங்கள் தொடங்கினோம்.

மாலை ஜெசிந்தா வந்து காலுறையைக் கழற்றி மூலையில் எறிந்தாள். தோசை வார்த்துக் கொடுத்தேன். கேட்க வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

"ஸ்கூல் எப்படிம்மா இருந்துச்சு?"

தோசையிலிருந்து தலையை உயர்த்தாமல், "பிடிச்சிருந்துச்சுப்பா" என்றாள்.

அதே சொல். அதே குரல். இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. மேற்கொண்டு கேட்கவில்லை. இன்னொரு தோசை வேண்டுமா என்று மட்டும் கேட்டேன், வேண்டும் என்றாள்.

சனிக்கிழமை அவளுக்குப் பாவசங்கீர்த்தனம். கோயில்வரை கூட்டிப்போவேன். வெளியே நிற்பேன்.